வலமிருந்து இடம்: "அது அவங்க பிரச்சனை சார்!"

தமிழில் மென்பொருள் செய்யும் நண்பர்கள் சிலரிடம் கொஞ்ச நாளாக ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறேன். "நீங்க பண்ற எடிட்டர்ல உருது அடிச்சா ஒழுங்கா வருமா?" வார்த்தைகள் மாறினாலும் பதில் ஒன்றுதான். "அது அவங்க பிரச்சனை சார். நமக்கு எதுக்கு?"

அந்த "நமக்கு எதுக்கு" மீதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி ஒரு வரி. படித்தது பி.காம். சோறு போடுவது வங்கி. ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் புத்தகத்தில் இருக்கும் கணக்கும் அச்சில் வரும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்று காலையிலிருந்து மாலை வரை மாரடிப்பவன். அந்த உரிமையில்தான் பேசுகிறேன். இருப்பது முனிர்கா. இந்த ஊரில் உருது என்பது புத்தகத்தில் படிக்கும் சமாச்சாரம் அல்ல. டெல்லி ஆட்சிமொழிச் சட்டப்படி இந்திக்கு அடுத்த இரண்டாம் ஆட்சிமொழிகள் உருதுவும் பஞ்சாபியும். பல சாலைப் பலகைகளில் நாலு எழுத்து இருக்கும்: நாகரி, ஆங்கிலம், குர்முகி, உருது. உங்கள் பையில் இருக்கும் ரூபாய் நோட்டைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கப் பட்டியலில் 15 மொழிகள். 13-ஆவது தமிழ். 5-ஆவது காஷ்மீரியும் 15-ஆவது உருதுவும் வலமிருந்து இடம் போகிறவை. ரிசர்வ் வங்கி ஒரே சதுரத்துக்குள் சண்டையில்லாமல் உட்கார வைத்த மொழிகளை, நம் எடிட்டர்களால் ஒரு வரிக்குள் உட்கார வைக்க முடியவில்லை.

எக்ஸ்பி காலத்து டிக் பெட்டி

2000-களில் தமிழில் எழுத வந்தவர்களுக்கு இது மறந்திருக்காது. விண்டோஸ் எக்ஸ்பியில் யூனிகோடு தமிழ் ஒழுங்காகத் தெரியாது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் தொங்கும். கண்ட்ரோல் பேனலுக்குள் போய், மொழிப் பக்கத்தைத் திறந்து, ஒரு பெட்டியில் டிக் அடித்து, எக்ஸ்பி சிடியைத் தேடிப் பிடித்துப் போட வேண்டும். சிடி கிடைக்காமல் கடை கடையாக அலைந்தவர்கள் எத்தனை பேர்!

அந்தப் பெட்டிக்கு எதிரே என்ன எழுதியிருந்தது என்று யாராவது நின்று படித்தோமா? சிக்கலான எழுத்துகளுக்கும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளுக்கும் தேவையான கோப்புகளை நிறுவு என்றுதான் எழுதியிருந்தது. தமிழுக்கென்று தனிப் பெட்டி கிடையாது. அரபி, ஹீப்ரு, உருது, இந்தி, தமிழ், தாய் எல்லாருக்கும் ஒரே டிக். மைக்ரோசாப்ட் கண்ணில் நாமும் உருதுக்காரரும் ஒரே வரிசையில் நின்ற "மற்றவர்கள்". நம் வேலை முடிந்ததும் வரிசையை விட்டு வெளியே வந்து, இன்னும் நிற்கிறவரைப் பார்த்து "அது உங்க பிரச்சனை" என்கிறோம்.

லெட்ஜரும் பாஸ்புக்கும்

பிரச்சனை என்னவென்று எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

வங்கியில் லெட்ஜர் என்று ஒன்று, பாஸ்புக் என்று ஒன்று. லெட்ஜரில் வரவு செலவு நடந்த வரிசையில் இருக்கும். பாஸ்புக்கில் வாடிக்கையாளர் படிக்கத் தோதாக அச்சாகும். அச்சு அழகாக வர வேண்டும் என்பதற்காக லெட்ஜரில் கை வைத்தால் வேலை போய்விடும்.

எழுத்துக்கும் அதே கதைதான். கோப்புக்குள் எழுத்துகள் உச்சரிக்கும் வரிசையில், அடித்த வரிசையில் இருக்க வேண்டும். திரையில் எது இடப்பக்கம், எது வலப்பக்கம் என்பது காட்டும்போது பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம். உருதுவில் "டெல்லி" என்று எழுதினால் கோப்பில் முதலில் "டெ"யின் எழுத்துதான். திரையில் அது வலது ஓரத்தில் நிற்கும். இடையில் ஒரு ஆங்கிலப் பெயரோ எண்ணோ வந்தால் அது மட்டும் இடமிருந்து வலம் ஓடும், பிறகு வரி மறுபடி வலமிருந்து இடம் போகும். எந்தக் குறி எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதற்கு யூனிகோடுகாரர்கள் இருதிசை விதிமுறை என்று விலாவாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு திசைக்குணம். அரபி எழுத்துக்கு வலம், தமிழ் எழுத்துக்கு இடம், எண்ணுக்குத் தனி வகை, இடைவெளிக்கும் அடைப்புக்குறிக்கும் சொந்தத் திசை கிடையாது, அக்கம்பக்கத்தைப் பார்த்து நடந்துகொள்ளும்.

"இதெல்லாம் யாரோ மொழிக்காரர்கள் கவலை" என்று நினைக்கிறீர்களா? கொம்பை நினைத்துப் பாருங்கள். தட்டச்சு எந்திரத்தில் "கொ" அடிக்க முதலில் கொம்பு, அடுத்து "க", பிறகு கால். டிஸ்கி குறியாக்கத்திலும் அதே வரிசைதான், கண்ணில் தெரியும் வரிசை. யூனிகோடு வந்தபோது "க" முதலில், ஒகரக் குறி பின்னால் என்று ஆனது. உச்சரிக்கும் வரிசை. கொம்பை இடப்பக்கம் இழுத்து வைப்பது திரைக்காரன் பொறுப்பு. இன்றைக்கும் சில பி.டி.எஃப். கோப்புகளிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டினால் கொம்பு தனியே முன்னால் பிய்த்துக்கொண்டு நிற்கிறதே, அது லெட்ஜரும் பாஸ்புக்கும் கலந்துபோனதால் வருகிற வினை. ஒரு எழுத்துக்குள் நமக்கு நடந்தது, அவர்களுக்கு ஒரு முழு வரிக்குள் நடக்கிறது. நோய் ஒன்றுதான்.

1990-களில் இஸ்ரேலிய இணையப் பக்கங்கள் பல ஹீப்ருவைக் கண்ணில் தெரியும் வரிசையிலேயே, அதாவது தலைகீழாகவே சேமித்தன. அன்றைய உலாவிகளுக்கு வேறு வழி தெரியவில்லை. சன்னலைக் கொஞ்சம் சுருக்கினால் போதும், வரி தவறான இடத்தில் மடிந்து வாக்கியத்தின் கடைசி மேலேயும் தொடக்கம் கீழேயும் போய்விடும். அந்தக் கூத்துக்குப் பிறகுதான் சேமிப்பது ஒன்று, காட்டுவது ஒன்று என்று பிரித்தார்கள். ஆக, இது புதுப் பிரச்சனை இல்லை. விடை தெரிந்த கணக்கு.

தேதியே மாறினால்?

"ஏதோ ஒரு புள்ளி அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதானே" என்பவர்களுக்காக ஒரு உதாரணம். வங்கிக்காரனுக்கு வயிற்றைக் கலக்கும் உதாரணம்.

உருது வாக்கியத்தின் நடுவே 05-11-10 என்று தேதி அடியுங்கள். 2010 நவம்பர் 5. கோப்பில் சரியாகத்தான் இருக்கும். திரையில் எப்படித் தெரியும் தெரியுமா? 10-11-05. அதாவது 2005 நவம்பர் 10. அரபி எழுத்துக்குப் பின்னால் வரும் எண்களுக்கு நடுவில் இருக்கும் சிறுகோடு, இருதிசை விதிப்படி எண்களை ஒன்றாகக் கட்டி வைக்காது. மூன்று எண்ணும் தனித்தனித் துண்டாகி வலமிருந்து அடுக்கப்படும். அதையே சாய்கோடு போட்டு 05/11/10 என்று அடித்தால் அப்படியே நிற்கும். தொலைபேசி எண்ணில் 011-க்குப் பின்னால் சிறுகோடு போட்டால் ஊர்க்குறியீடு பின்னால் போய்விடும். கணக்கு எண்ணை 1234-567-89 என்று பிரித்து எழுதினால் 89-567-1234 என்று வாசிப்பீர்கள்.

இது விதியின் பிழை என்று நான் சொல்லவில்லை. அரபி வழக்கத்தைப் பார்த்து எழுதிய விதி. இந்த மாதிரி இடங்களுக்கு மருந்தும் இருக்கிறது. 2013-இல் வந்த யூனிகோடு 6.3 பதிப்பில் "தனிமைப்படுத்தும் குறிகள்" என்று கொடுத்தார்கள். கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள், ஒன்று முன்னால், ஒன்று பின்னால். உள்ளே இருப்பதன் திசை வெளியே இருப்பதைப் பாதிக்காது, வெளியே இருப்பது உள்ளே நுழையாது. இணையப் பக்கங்களுக்கு எச்.டி.எம்.எல். 5-இல் அதற்கென்றே குறிச்சொல் இருக்கிறது. உள்ளீட்டுப் பெட்டிக்குத் திசையைத் தானாகக் கண்டுபிடி என்று ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும். அந்த ஒரு சொல்லைச் சேர்க்கத்தான் நம்மவர்களுக்கு நேரமில்லை.

ஒருமுறை ஒரு நிறுவனம் எங்களுக்கு அறிவிப்புப் பலகை செய்து கொடுத்தது. உருது வரியில் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியாக, அதுவும் இடமிருந்து வலமாக நின்றன. தமிழில் சொன்னால் "கிங்வ" என்று பலகை வைத்த மாதிரி. எனக்கே தெரிந்தது, உருது படிக்கிறவர் என்ன நினைப்பார்? கேட்டால், "சார், எங்க டிசைன் சாப்ட்வேர்ல அப்படித்தான் வருது." பல காலம் அடோபி மென்பொருட்களில் அரபி, ஹீப்ரு ஒழுங்காக வர வேண்டும் என்றால் மத்திய கிழக்குப் பதிப்பு என்று தனியாக வாங்க வேண்டியிருந்தது. சாதாரணப் பதிப்பில் ஒட்டினால் இப்படித்தான் சிதறும். பலகை செய்தவருக்கு அதெல்லாம் தெரியாது. அவரைத் திட்டி என்ன பயன்?

நம்மவர்கள் சொல்லும் நாலு சாக்கு

சாக்கு 1: "பயன்படுத்தறவங்க ரொம்பக் கம்மி."

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6.90 கோடி. உருது 5.07 கோடி. ஐந்து கோடி கம்மி என்றால் ஏழு கோடி மட்டும் என்ன ஜாஸ்தி? இதே எண்ணிக்கைக் கணக்கை நம்மிடம் யாராவது காட்டினால் எப்படிக் குதிப்போம்!

சாக்கு 2: "டெக்னிக்கலா ரொம்பக் கஷ்டம்."

கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். இரண்டு திசை சேரும் இடத்தில் கர்சருக்குக் கோப்பில் ஒரே இடம், திரையில் இரண்டு இடம். எங்கே காட்டுவது? வலது அம்புக்குறியை அழுத்தினால் கோப்பில் முன்னால் போவதா, திரையில் வலப்பக்கம் போவதா? ஒரு வரியின் நடுவில் தேர்வு செய்தால் நீலப் பட்டை இரண்டு துண்டாகத் தெரியும். இதையெல்லாம் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

ஆனால் யோசித்துச் செய்தவர்கள் இருக்கிறார்களே! ஈமாக்ஸ் எடிட்டரில் 2012-இல் வந்த 24.1 பதிப்பிலிருந்து இருதிசை எழுத்து உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது, இலி ஸரெட்ஸ்கி என்பவரின் உழைப்பு. சாதாரண விண்டோஸ் நோட்பேடிலேயே வலது கிளிக் செய்தால் வலமிருந்து இடமாக வாசிக்கும் வரிசை என்று ஒரு தெரிவு உண்டு. மறுபக்கம், புரோகிராமர்கள் கோயில் கட்டிக் கும்பிடும் விம் எடிட்டரைப் பாருங்கள். அதில் சன்னல் முழுவதையும் வலமிருந்து இடமாகத் திருப்பிப் போடும் வசதி உண்டு. உருது சரியாகும், பக்கத்தில் இருக்கும் ஆங்கிலமும் தமிழும் தலைகீழாகும். கலந்து எழுத வேண்டுமா, டெர்மினல் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறது.

விதிமுறையை நீங்கள் புதிதாக எழுத வேண்டியதே இல்லை. ஃப்ரிபிடி என்று ஒரு இலவச நிரல்தொகுதி இருக்கிறது. தொடங்கியவர் டோவ் குரோப்கெல்ட், இஸ்ரேல்காரர். பின்னால் பொறுப்பேற்று வளர்த்தவர் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத், ஈரானில் பிறந்தவர். அந்த இரண்டு நாட்டு அரசாங்கங்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதுகூட இல்லை. இவர்கள் ஒரே நிரலில் வேலை செய்திருக்கிறார்கள்.

அதே எஸ்ஃபஹ்போத் உருவாக்கிய இன்னொன்று ஹார்ஃப்பஸ். எழுத்து வடிவங்களைக் கோத்துத் தரும் நிரல். பெயரே பாரசீகம். "ஹர்ஃப்" என்றால் எழுத்து, "பாஸ்" என்றால் திறந்தது, ஓப்பன்டைப் என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. உங்கள் ஆண்ட்ராய்டு போனில், குரோமில், ஃபயர்பாக்ஸில், லிப்ரே ஆபீஸில் தமிழ்க் கொம்பும் காலும் ஒழுங்கான இடத்தில் விழுகிறதே, அந்த வேலையைச் செய்வது இந்த ஹார்ஃப்பஸ்தான். "தமிழா, அது உங்க பிரச்சனை" என்று அவர் ஒதுக்கியிருந்தால்? வாங்கிய கடன் நம் புத்தகத்தில் பற்றாக நிற்கிறது. அதை வராக்கடன் என்று எழுதித் தள்ளுவது நியாயமா?

சாக்கு 3: "அவங்க நாகரியிலோ ரோமன்லயோ எழுதிக்கட்டுமே."

இதைச் சொல்பவர் தமிழராக இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கேறுகிறது. டெல்லியில் இருக்கும் ஒவ்வொரு தமிழனும் இந்த அறிவுரையைக் கேட்டிருப்பான். "எல்லாரும் நாகரியில எழுதினா நாடு ஒண்ணாயிடுமே, நீங்க மட்டும் ஏன் அடம் பிடிக்கறீங்க?" அப்போது நமக்கு எப்படி இருக்கும்? மொழி உடம்பு என்றால் எழுத்து சட்டை, மாற்றிக்கொள்ளலாம் என்று தத்துவம் பேசுகிறவர்கள், முதலில் தங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வரட்டும்.

இதற்குள் மதத்தை வேறு கொண்டுவருகிறார்கள். மகாராஷ்டிரத்தில் அகோலா மாவட்டம் பாதூர் நகராட்சிப் பலகையில் மராத்தியோடு உருதுவும் இருக்கக் கூடாது என்று வழக்குப் போட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2025 ஏப்ரல் 15-ஆம் தேதி நீதிபதிகள் சுதான்ஷு துலியா, வினோத் சந்திரன் அமர்வு பலகை இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. மொழியும் மதமும் வேறு, உருது இந்த மண்ணில் பிறந்தது என்று விளக்கமாகவே சொன்னது. பலகையில் எழுதும் உரிமையைக் கோர்ட் கொடுத்துவிட்டது. ஒழுங்காக எழுதும் மென்பொருளை யார் கொடுப்பது?

நம் நாட்டுத் தரநிர்ணயமும் இதில் சுத்தமில்லை. 1991-இல் வந்த இஸ்கி குறியாக்கத் தரம் பிராமியிலிருந்து வந்த எழுத்துகளை மட்டும் உள்ளே வைத்தது. பாரசீக-அரபி எழுத்துக்குத் தனியாகப் பாஸ்கி என்று ஒன்று. உருது, காஷ்மீரி, சிந்தியெல்லாம் முதல் நாளிலிருந்தே தனிப் பந்தி. பந்தி பிரித்தால் மென்பொருளும் பிரியும். உருது அச்சகங்கள் இன்பேஜ் என்ற மென்பொருளில் போய் அடைந்தன. 1994-இல் இதே டெல்லி நிறுவனம் ஒன்று செய்தது. நல்ல மென்பொருள், நஸ்தலீக் எழுத்தை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்த சாதனை, மறுக்கவில்லை. ஆனால் பல ஆண்டுகள் அது யூனிகோடு இல்லை. அதில் அடித்த புத்தகங்களைத் தேட முடியாது, வேறு எடிட்டரில் திறக்க முடியாது. நாம் பாமினியிலும் வானவில்லிலும் அடித்து வைத்துவிட்டுப் பிறகு பொங்குதமிழ் மாற்றியில் போட்டு மாரடித்தோமே, அதே கதை அவர்களுக்கும்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் 1927-இல் தொடங்கிய "முசல்மான்" உருது நாளிதழ் கையால் எழுதப்படுவதைப் படம் பிடித்து ஆகா ஓகோ என்று ரசிப்பார்கள். அந்தக் காத்திபுகளின் கைக்கு என் வணக்கம். ஆனால் ஒரு மொழிக்காரர்கள் ஊரெல்லாம் கணினி வந்த பிறகும் பேனா பிடிப்பதில் ரசனை மட்டும்தான் இருக்கிறதா? உருதுக்கு ஒழுங்கான அச்செழுத்து, நூரி நஸ்தலீக், கணினிக்கு வந்ததே 1981-இல்தான். எந்திரம் இவர்களைப் பார்த்து வரவே இல்லை என்பதும் அந்தக் கதையின் ஒரு பாதி.

சாக்கு 4: "சார், அது செக்யூரிட்டி ரிஸ்க்."

இது கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது. பொய்யில்லை. 2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பவுச்சரும் ராஸ் ஆண்டர்சனும் "டிரோஜன் சோர்ஸ்" என்ற ஆய்வை வெளியிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத திசைக்குறிகளை நிரலுக்குள் ஒளித்துவைத்தால், படிக்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் கம்பைலருக்கு வேறொன்றுமாகத் தெரியச் செய்யலாம் என்று காட்டினார்கள். அதற்கும் முன்பிருந்தே திருடர்கள் திசைமாற்றும் குறியைக் கோப்புப் பெயரில் செருகி, இயங்கும் நிரலை பி.டி.எஃப். மாதிரி காட்டி ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். வங்கியில் இதெல்லாம் எங்களுக்குப் பாடமே எடுக்கிறார்கள்.

ஆனால் தீர்வு என்ன? பல எடிட்டர்களும் நிரல் சேமிப்புத் தளங்களும் இப்படிப்பட்ட குறி இருந்தால் எச்சரிக்கை காட்டத் தொடங்கின. அது சரி. நம்மாட்கள் சிலர் ஒரு படி மேலே போய் எல்லாத் திசைக்குறியையும் வடிகட்டித் தூக்கி எறிகிறார்கள். மேலே சொன்ன தேதிக் குளறுபடிக்கு மருந்தே அந்தக் குறிகள்தான். கள்ள நோட்டு வருகிறது என்று நோட்டையே வாங்க மாட்டேன் என்று கேஷியர் கவுண்டரை மூடலாமா? வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து வாங்குவதுதான் வேலை. மறைந்திருக்கும் குறியைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி காட்டுங்கள், போதும்.

தமிழே வலமிருந்து இடம் போகும்

கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதற்கு மேல் யாரும் "அவங்க பிரச்சனை" என்று சொல்ல முடியாது.

அர்வி என்று கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அரபுத்தமிழ். தமிழ்தான், அரபி எழுத்தில். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைக் கரையோர ஊர்கள் என்று தமிழ் முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிப் படித்தது. அரபியில் இல்லாத நம் ட, ப, ண, ள, ழ போன்ற ஒலிகளுக்காக இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் புது எழுத்து செய்துகொண்டார்கள். எகர ஒகரத்துக்குத் தனிக் குறிகள். கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் இதில் நூல் நூலாக எழுதிக் குவித்தார்கள். தமிழ் எழுத்து படிக்காத, ஆனால் ஓதத் தெரிந்த எத்தனையோ பெண்களுக்கு இதுதான் படிப்பு. அந்த எழுத்துகளில் ஒன்றான, கீழே புள்ளி வைத்த காஃப் யூனிகோடில் இடம் பிடித்தது 2015-இல், 8.0 பதிப்பில். நமக்கு யூனிகோடில் அநீதி என்று கொடி பிடித்து, 2010 ஜூனில் தமிழக அரசு டேஸ்16-ஐயும் தரமாக அறிவிக்கும் வரை போனோமே, அந்தச் சத்தத்தில் இந்தத் தமிழ் எழுத்துக்காக யார் குரல் கொடுத்தார்கள்?

முனிர்காவில் ஜே.என்.யூ. மாணவர்கள் நிறைய பேர் அறை எடுத்துத் தங்குகிறார்கள். பக்கத்து பேர் சராயில் ஆய்வேடு அடித்து பைண்டு போட்டுத் தரும் கடைகள். காயல்பட்டினத்துத் தம்பி ஒருவர், அர்வியில்தான் ஆய்வு. ஒரு வரி அர்வி, அதற்கு நேர் கீழே தமிழ் எழுத்தில் அதே வரி, பக்கத்தில் ஏட்டின் பக்க எண். கேட்பதற்கு இவ்வளவுதான். கடையில் அடித்தால் பக்க எண் வரிக்கு நடுவில் போய் உட்கார்ந்தது, அடைப்புக்குறி திரும்பிக்கொண்டது, முற்றுப்புள்ளி முதல் எழுத்துக்கு முன்னால் வந்தது. ஒரு இடத்தில் சரி செய்தால் மூன்று இடத்தில் கலைந்தது.

"என்ன தம்பி பண்ணினீங்க கடைசியில?"

"அர்வி வரியெல்லாம் ஸ்கேன் பண்ணி படமா ஒட்டிட்டேன் அண்ணே. கைடு சீக்கிரம் கொடுன்னுட்டார்."

கேட்டீர்களா? ஒரு தமிழ் ஆய்வேட்டில் தமிழ் படமாகிவிட்டது. அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, எண்ண முடியாது, நகலெடுக்க முடியாது, பார்வையற்றவருக்கு வாசித்துக் காட்டவும் முடியாது. இருநூறு வருஷத்துத் தமிழ் கல்லச்சில் தப்பிப் பிழைத்து வந்து, எடிட்டரில் செத்துப்போகிறது. இனியும் யார் பிரச்சனை என்று கேட்கப் போகிறீர்களா?

என்ன செய்ய வேண்டும்?

எடிட்டரோ, இணையப் படிவமோ, கைபேசிச் செயலியோ, நீங்கள் எதைச் செய்தாலும் வெளியிடும் முன் ஐந்து சோதனை போட்டுப் பாருங்கள். உருது தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கிருந்தாவது ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் போதும்.

1. உருது வரி மட்டும் இருக்கும் பத்தி தானாக வலது ஓரத்தில் தொடங்குகிறதா? அடுத்த தமிழ்ப் பத்தி இடது ஓரத்துக்குத் திரும்புகிறதா?

2. உருது வரியின் கடைசி முற்றுப்புள்ளி இடது கோடியில் நிற்கிறதா, வலப்பக்கம் ஓடிவிடுகிறதா?

3. உருது வரிக்கு நடுவே ஒரு தமிழ்ச் சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டால் இரண்டு குறியும் சொல்லைப் பார்த்து வளைகின்றனவா?

4. சிறுகோடு போட்ட தேதியும் கணக்கு எண்ணும் நீங்கள் அடித்தபடியே தெரிய வழி இருக்கிறதா? தனிமைப்படுத்தும் குறிகளை உங்கள் மென்பொருள் தின்றுவிடாமல் வைத்திருக்கிறதா?

5. சேமித்து, மூடி, வேறு எடிட்டரில் திறந்தால் எழுத்து வரிசை மாறாமல் இருக்கிறதா?

ஐந்தில் ஒன்று தவறினாலும் "யூனிகோடு ஆதரவு உண்டு" என்று போட்டுக்கொள்ளாதீர்கள். "சில மொழிகளுக்கு மட்டும்" என்று நேர்மையாகப் போடுங்கள். வங்கியில் பாதி சொத்தை மறைத்து பேலன்ஸ் ஷீட் காட்டினால் ஆடிட்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

அரசு அலுவலகங்களுக்கும் எங்களைப் போன்ற வங்கிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மென்பொருள் வாங்கும்போது டெண்டரில் "இந்திய மொழிகள் அனைத்தும்" என்று பெருமையாக எழுதுகிறோம். எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள். அதில் உருது, காஷ்மீரி, சிந்தி மூன்றும் அரபி வழி எழுத்தில் எழுதப்படுபவை. பொருளைக் கையில் வாங்கும் நாளில் இந்தியையும் தமிழையும் அடித்துப் பார்த்துவிட்டு பில்லை பாஸ் செய்கிறோம். அந்த மூன்றையும் அடித்துப் பார்த்த பிறகு பில்லில் கை வையுங்கள். காசு நிற்கும் என்று தெரிந்தால் அடுத்த வாரமே சரியாகிவிடும். இதை இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன்.